கொன்றை பூத்த நாள்

நுழையும்முன்

இளவேனில் என்னும் சொல்லை நாம் பாடல்களில் படிக்கிறோம். பொருள் எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆனால் அப்பருவம் நம் தெருவிற்கு வந்துசேர்ந்த நாளை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மலரை வளர்ப்பதும் வரைவதும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கத்தக்கவை அல்ல, அவை ஒரு கல்வி என்னும் கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது.

தேர்வுகள் நெருங்கியிருந்த ஒரு பங்குனி மாதப் பிற்பகலில், பதினொன்றாம் வகுப்பு மாணவர்களிடம் ஆளுக்கொரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, ‘இளவேனிற்கால மலர் ஒன்றை வரைக’ என்று கூறினேன். நாற்பதுக்கும் மேற்பட்ட தாள்கள் திரும்பி வந்தன. ஏறத்தாழ எல்லாத் தாள்களிலும் ஒரே பூ! நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றி ஐந்து இதழ்கள், நேரான காம்பு, காம்பின் இருபுறமும் இரண்டு இலைகள். சிலர் இரு மலைகளையும் அவற்றினிடையே உதிக்கும் கதிரவனையும் சேர்த்திருந்தனர். அந்தப் பூவிற்குப் பெயரில்லை. உலகின் எந்த மண்ணிலும் அது முளைத்ததில்லை. அதே வேளையில் வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே புங்கமரம் ஒன்று வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த சிறுபூக்களைச் சிமெண்ட் தரையில் கம்பளமாகக் கொட்டி வைத்திருந்தது. காலையிலும் மாலையிலும் அதை மிதித்தே மாணவர்கள் நடந்தனர். அதை வரைந்தவர் ஒருவருமிலர்.

குற்றம் மாணவர்களுடையது அன்று. இளவேனில் என்பது சித்திரை, வைகாசி ஆகிய இரு திங்கள். நம் கல்வியாண்டோ பங்குனியில் தேர்வோடு முடிந்து வைகாசி இறுதியில் மீண்டும் தொடங்குகிறது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனும் ஆறு பெரும்பொழுதுகளுள் பள்ளிக்கு முற்றிலும் வெளியே நிற்கும் பொழுது இளவேனிலே. பாடநூலில் அது உண்டு. பாடவேளையில் அது இல்லை. மேல்நிலை வகுப்புகளில் ஓவியத்திற்கெனத் தனிப் பாடவேளையும் பெரும்பாலான பள்ளிகளில் கிடையாது. உயிரியல் மாணவர் பூவின் நெடுக்குவெட்டுத் தோற்றத்தை வரைகிறார் என்பது உண்மைதான். எனினும், அதைப் பூவைப் பார்த்து வரைவோரினும் சென்ற ஆண்டு மாணவரின் செய்முறைப் பதிவேட்டைப் பார்த்து வரைவோரே மிகுதி என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். அறிந்தும் சிவப்பு மையால் கையொப்பமிடுகிறோம்.

ஒரு சரத்தில் ஓர் அகராதி

பத்தாம் வகுப்பில் தேவநேயப் பாவாணரின் கட்டுரையைப் படித்திருப்பீர்கள். பூவின் நிலைகளுக்கு அரும்பு, போது, மலர், வீ, செம்மல் எனத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உள்ளமையை அதில் அறிந்தீர்கள். ஒரு மதிப்பெண் வினாவிற்கு அவ்விடை பயன்பட்டிருக்கும். ஆனால் போது எது, அது மலராகும் நேரம் எது என்று கண்ணால் கண்டவர் எத்தனை பேர்?

சித்திரை மாதத்தில் சரக்கொன்றை மரத்தடியில் கால்மணி நேரம் நின்றால் அந்த ஐந்து சொற்களும் கண்முன் தொங்கும். கொன்றையின் பூங்கொத்து கீழ்நோக்கித் தொங்குவது. அதில் கிளையை ஒட்டியுள்ள மேற்பகுதிப் பூக்கள் முதலில் விரிகின்றன. நடுப்பகுதியில் இதழ் விலகத் தொடங்கிய போதுகள். நுனியில் பச்சை மணிகள் போன்ற அரும்புகள். உதிர்ந்து தரையில் கிடப்பவை வீ. அவற்றுள் வாடிச் சுருங்கியவை செம்மல். ஒரே சரத்தையும் அதன் கீழுள்ள தரையையும் உள்ளது உள்ளவாறு வரைந்த மாணவருக்கு இச்சொற்களை மீண்டும் மனப்பாடம் செய்யவேண்டிய தேவை வாராது.

இனி, அம்மரத்தின் ஒரு பூவை மட்டும் கையில் எடுத்துக்கொள்வோம். இதழ்கள் ஐந்து. மகரந்தத்தாள்களோ பத்து. அவை ஒரே அளவின அல்ல. மூன்று நீண்டு வளைந்து, தூண்டில் முள்ளைப் போல் மேல்நோக்கித் திரும்பியிருக்கும். ஏனைய ஏழும் குட்டையானவை. கைப்பேசியில் இப்பூவை நூறுமுறை படமெடுத்தவர்க்கும் இது தெரியாதிருக்கக்கூடும். வரையத் தொடங்கியவர்க்கோ முதற் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். ஏனெனில் எண்ணாமல் வரைய முடியாது. ‘கைப்பேசி இருக்கும்போது எதற்கு ஐயா பென்சில்?’ என்று கேட்ட மாணவனுக்கு நான் கூறிய விடை இதுதான். ஒளிப்படத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. அது நொடிப்பொழுதில் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறது. எடுத்தவரோ எதையும் பார்க்காமலே நகர்ந்துவிடலாம். பென்சில் அவ்வாறு நகரவிடாது.

‘எனக்கு வரைய வராது’ என்பது அடுத்த மறுப்பு. இதைக் கூறும் மாணவியரைக் கண்டால் எனக்கு வியப்பே மேலிடுகிறது. மார்கழியில் பதினைந்து புள்ளி வைத்து, கோடு பிசகாமல் தாமரைக்கோலம் இட்டு, அதன் நடுவில் பூசணிப்பூவையும் செருகி வைப்பவர்கள் அவர்களே! வாசலில் குனிந்து வரைவது ஓவியமாகாது என்று அவர்களுக்கு யார் கற்பித்தது?

ரங்கையாவும் கோவிந்துவும்

மலரோவியம் மேலைநாட்டார் பழக்கம் என்று எண்ணவேண்டா. புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசல் குகைக்கோவிலின் விதானத்தில் தாமரைப் பொய்கை ஒன்று தீட்டப்பட்டுள்ளது. யானையும் மீனும் பறவையும் நிறைந்த அப்பொய்கையில் இறங்கி மலர் கொய்வோரையும் அங்குக் காணலாம். அங்குள்ள 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டு, மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அக்கோவிலைப் புதுப்பித்த செய்தியைக் கூறுகிறது.

சித்தன்னவாசல் சுற்றுலாத் தலமாக அறியப்பட்டுவிட்டது. அத்தகைய பேறு கிட்டாத இருவரைப் பற்றியே நான் இங்குச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் 1819ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சென்னைக்கு வந்தார். தாவரவியலில் பேரார்வம் கொண்ட அவர், தென்னிந்தியச் செடிகொடிகளைத் திரட்டி விளக்கினார். அவற்றை வரைவதற்கு அமர்த்தப்பட்டவர்கள் நம் நாட்டு ஓவியர்கள். முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. வைட் வெளியிட்டு 1853இல் நிறைவுற்ற ஆறு தொகுதிகள் கொண்ட படநூலில் 2,101 படங்கள் உள்ளன. அவை வண்ணமற்ற கல்லச்சுப் படங்கள். அவற்றுட் பலவற்றின் அடியில் இவ்விருவர் பெயரும் சிறிய எழுத்தில் காணப்படுகின்றன. இவர்கள் தீட்டிய வண்ண மூலப்படங்கள் பல, இன்று எடின்பரோ அரசத் தாவரவியல் பூங்காவில் பேணப்படுகின்றன.

ஒரு செடியைப் பறித்தால் சில மணிநேரத்தில் அது வாடிவிடும். வாடுவதற்குள் அதன் நிமிர்வையும் நிறத்தையும் நரம்பையும் தாளில் பிடித்தாகவேண்டும். பின் பூவைப் பிரித்து, சூலகத்தையும் மகரந்தப் பையையும் தனித்தனியே பெரிதாக்கிக் காட்டவேண்டும். ஒரு தாள் பிழைபட்டால் அதை நம்பும் அறிவியலும் பிழைபடும். இப்பணியைப் பல்லாண்டுகள் செய்தவர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் மிகச் சிலவே நம்மிடம் எஞ்சியுள்ளன. ஆர்க்கிட் வகைச் செடியினம் ஒன்றிற்குக் கோவிந்துவின் பெயரை இட்டு வைட் அவரைப் பெருமைப்படுத்தினார். பின்வந்த வகைப்பாட்டில் அப்பெயர் வழக்கிழந்தது. வைட்டின் பெயரோ பல செடிகளின் அறிவியற்பெயரில் இன்றும் நிலைத்துள்ளது. பெயர் நிலைப்பதும் மறைவதும் அறிவியலின் விதிகளை மட்டுமே சார்ந்தவை அல்ல என்பதை மாணவர்கள் எண்ணிப்பார்க்கலாம். செடியைப் பெயரிட்டவரைப் போலவே அதைக் கண்டு வரைந்தவரும் அறிஞரே என்பது என் கருத்து.

சட்டியில் தொடங்கும் பருவம்

வரைவதற்குப் பூ வேண்டும். பூவை வாங்கலாம், தாம்பரம் சந்தைப் பகுதியில் முழக்கணக்கில் மல்லிகை கிடைக்கும். ஆயினும் வாங்கிய பூவின் வாழ்வில் நாம் காண்பது கடைசி அத்தியாயத்தை மட்டுமே. ஆகவே ஒரு சட்டியிலேனும் ஒரு செடியை வளர்க்கவேண்டும்.

இதில் ஒரு மயக்கம் உள்ளது. நாற்றங்காலில் பளபளக்கும் வண்ணப்பூஞ்செடிகளைக் கண்டு மயங்கி வாங்கி வருகிறோம். அவற்றுட் பல குளிர்நாட்டு இளவேனிலுக்கு உரியவை. சென்னைப் புறநகரின் சித்திரை வெயிலில் அவை ஒரு வாரத்தில் துவண்டுவிடும். ‘நமக்குச் செடி வராது’ என்று நாமும் கைவிட்டுவிடுவோம். நமக்கு வராதது செடியன்று, அந்தச் செடி. நம் இளவேனிலுக்கு மல்லிகை இருக்கிறது. அதை வரவேற்கும் வேலை சித்திரையில் தொடங்குவதன்று. கார்த்திகை இறுதியிலோ மார்கழியிலோ செடியைப் பாதி உயரத்திற்குக் கவாத்து செய்யவேண்டும். அரையாண்டுத் தேர்வு விடுமுறை இதற்கு ஏற்ற காலம். வெட்டப்பட்ட செடியைக் கண்டு வீட்டிலுள்ளோர் வருந்துவர். தையில் புதுத்தளிர் விடும். மாசி, பங்குனியில் அரும்பு கட்டும். வெட்டாத செடியில் கொடிதான் நீளுமேயன்றிப் பூ குறையும்.

மல்லிகைக்கு நேர்வெயில் வேண்டும். பொறுமை குறைந்தவர்க்குச் சங்குப்பூ ஏற்றது. விதையை ஓரிரவு ஊறவைத்து நட்டால் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் சன்னல் கம்பியைப் பற்றி ஏறிப் பூத்துவிடும். தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. தென்புறநகர்த் தெருக்களில் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நின்றதை நாம் மறந்திருக்கமாட்டோம். குடிநீருக்கே தவிக்கும் ஊரில் பூச்செடி ஒரு பகட்டு அல்லவா என்று கேட்பவர் கேள்வியில் நியாயம் உண்டு. ஆகவேதான், அரிசியும் காய்கறியும் கழுவிய நீரில் பிழைக்கும் ஒன்றிரண்டு செடிகளோடு நின்றுவிடவேண்டும் என்கிறேன். மாடி முழுவதும் தொட்டிகளை அடுக்குவதைவிட, தெருவோர வேம்பு ஒன்றைத் தம்முடையதாகக் கருதிக் கவனிப்பது மேலானது. அதற்கு யாரும் நீரூற்ற வேண்டியதில்லை.

வேப்பம்பூவைச் சித்திரை முதல்நாள் பச்சடியில் உண்கிறோம்; அதன் வடிவத்தைக் கேட்டால் விழிக்கிறோம். ஐந்து வெள்ளிதழ்களுக்கு நடுவே மகரந்தத்தாள்கள் ஒன்றிணைந்து ஒரு சிறு குழலாக நிற்கும் அழகைக் காண ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும்.

வண்ணப்பெட்டி வாங்க இயலாதவர் வீட்டிலேயே வண்ணம் காணலாம். சங்குப்பூவின் இதழைத் தாளில் தேய்த்தால் நீலம். அதன்மேல் ஒரு துளி எலுமிச்சைச் சாறு பட்டால் ஊதா. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பு என்பதை ஆலம் கரைத்த பாட்டிமார் அறிவர். இவ்வண்ணங்கள் வெயிலில் மங்கிவிடும். மங்கட்டுமே! பூவரசம்பூவைப் பாருங்கள்: காலையில் வெளிர்மஞ்சள், வாடும்போது கருஞ்சிவப்பு. அதை வண்ணத்தில் தீட்ட முனைபவர், ‘எந்த நேரத்துப் பூவரசம்பூ?’ என்ற கேள்விக்கு முதலில் விடை கூறவேண்டும்.

அழகாக இருப்பதால் மட்டும் ஒரு பூ வளர்க்கத்தக்கதாகிவிடாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். புறநகர் ஏரிகள் சிலவற்றில் ஊதாநிறப் பூக்கொத்துகளோடு மிதக்கும் வெங்காயத்தாமரை தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. நீர்ப்பரப்பை மூடி, கீழுள்ள உயிர்களை மூச்சுத் திணற வைப்பது. வரைவதற்கு அது மிக நல்ல பூ. ஆனால் அதை வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுவராதீர்.

நாள் குறித்த தாள்

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிக் கூறுகிறார். நம் திணைகளுக்குப் பெயர் தந்தவை பூக்களே. பழந்தமிழர்க்குப் பூ ஒரு கடிகாரமாகவும் விளங்கிற்று. குறுந்தொகையில் ஒரு காட்சி. கார்காலத்தில் திரும்புவதாகக் கூறிச் சென்ற தலைவன் வரவில்லை, கொன்றையோ பூத்துவிட்டது. கலங்கிய தலைவியிடம் தோழி, ‘இது காலமல்லாக் காலத்து மழை, அதைக் கார் என்று மயங்கிப் பூத்த கொன்றை அறிவற்றது’ என்னும் பொருள்படத் தேற்றுகிறாள். தோழி சொன்னது மெய்யோ ஆறுதலுக்கான பொய்யோ, அதை வகுப்பில் வாதிடலாம். கொன்றை பூக்கும் நாளை ஊரே அறிந்திருந்தால்தான் அந்தச் சொல்லாடல் பொருளுடையதாகும்.

இங்கு ஒரு முரண் எழுகிறது. சங்கப் பாடல்களில் கொன்றை முல்லைத் திணைக்குரிய கார்காலப் பூ. நம் தெருவில் அது சித்திரையில் பூக்கிறது. கேரளத்தில் விஷுக்கனிக்கு அதையே வைக்கின்றனர். பருவம் மாறியதா, நிலம் மாறியதால் இவ்வேறுபாடா, அன்றிக் கோடைமழையை ஒட்டிப் பூப்பதைத்தான் புலவர் பாடினரா? வாதிடுவதற்கு நம்மிடம் ஆண்டுதோறும் நாள் குறித்துவைத்த ஏடு இல்லை.

சப்பானியரிடம் உள்ளது. கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் முழுமையாகப் பூத்த நாட்களை அரசவையினரின் நாட்குறிப்புகளிலிருந்தும் பாடல்களிலிருந்தும் ஆய்வாளர்கள் திரட்டியுள்ளனர். அத்தொடரின் மிகப் பழைய குறிப்பு 812ஆம் ஆண்டைச் சார்ந்தது. 2021ஆம் ஆண்டில் அம்மரங்கள் மார்ச் 26ஆம் நாளிலேயே முழுமையாகப் பூத்தன. அதுவரையிலான ஏறத்தாழ 1,200 ஆண்டுப் பதிவுகளில் அதுவே மிக முந்திய நாளாக இருந்தது. புவி வெப்பமடைவதற்குச் சான்றாக இன்று உலக அறிஞர்கள் அதைக் காட்டுகின்றனர். பூவைக் கண்டு மகிழ்ந்து நாள் குறித்தவர்கள் தாம் அறிவியலுக்குத் தரவு சேர்ப்பதாகக் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்கள். நம் நாட்டிலும் பள்ளி மாணவர்கள் தம் பகுதி மரங்களை வாரந்தோறும் கவனித்து, தளிர், பூ, காய் ஆகியவற்றைப் பதிவுசெய்யும் ‘சீசன்வாட்ச்’ என்னும் திட்டம் நடைபெறுகிறது. கேரள மாணவர்கள் அதில் முனைப்பாகப் பங்கேற்கின்றனர். நம் மாணவர்கள் பின்தங்கவேண்டிய காரணம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

உயிரியல் படிக்காதவர்க்கு இதில் என்ன வேலை என்று வணிகவியல் மாணவர் கேட்கலாம். தாம்பரத்திலேயே அதற்கு விடையுண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937ஆம் ஆண்டு நகரின் நடுவிலிருந்து தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. 300 ஏக்கருக்கும் மேற்பட்ட புதர்க்காட்டு நிலம் அதன் வளாகமாயிற்று. அங்கு இருந்த செடிகொடிகளைப் பேணி, புதிய மரங்களையும் நட்டு வளர்த்தவர்களுள் முதன்மையானவர்கள் எட்வர்ட் பார்ன்ஸும் அவருடைய துணைவியார் ஆலிஸும். பார்ன்ஸ் தாவரவியல் பேராசிரியர் அல்லர், வேதியியல் கற்பித்தவர். தென்னிந்திய மலைகளில் அவர் கண்டு தேர்ந்த செடிகள் சிலவற்றின் அறிவியற்பெயரில் ‘பார்னெசி’ என்று அவர் பெயர் இன்றும் ஒலிக்கிறது. மேம்பாலமும் அடுக்ககமும் நெருக்கும் புறநகரில் அவ்வளாகம் பசுமை மாறாது நிற்கிறது. சோதனைக்குழாய்களோடு பணியாற்றிய ஒருவர் மாலைநேரத்தில் செடிகளின் பக்கம் திரும்பிப் பார்த்ததற்கும் அதில் பங்குண்டு.

தேர்வு முடிந்ததும் செய்முறைப் பதிவேட்டில் எழுதப்படாத தாள்கள் சில எஞ்சும். அவற்றைக் கிழித்தெறியாமல் தைத்து வைத்துக்கொள்ளுங்கள். சேலையூரிலோ செம்பாக்கத்திலோ பெருங்களத்தூரிலோ, உங்கள் வீட்டிலிருந்து நடந்துசெல்லும் தொலைவில் ஒரு மரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். தாளின் மேல் மூலையில் நாள், நேரம், தெரு. மரத்தின் பெயர் தெரியாவிடில் அங்கே இடம் விட்டுவையுங்கள். தெருமுனையில் பூக்கட்டும் அம்மாவுக்கோ வீட்டிலுள்ள பெரியவர்க்கோ தெரிந்திருக்கும். அன்றைக்கு அரும்பு மட்டும் இருந்தால் அரும்பை மட்டும் வரையுங்கள்.

நான் முதலிற் குறிப்பிட்ட வகுப்பின் மாணவி ஒருத்தி, கோடை விடுமுறை முடிந்தபின் நான்கு தாள்களைக் கொணர்ந்து காட்டினாள். நான்கிலும் ஒரே வேப்பங்கிளை. நேர்த்தியான ஓவியம் என்று சொல்லமாட்டேன். இலைகளின் அளவு கூடியும் குறைந்தும் இருந்தது. மூன்றாம் தாளில் பூக்களுக்கு நடுவே எறும்பு ஒன்று ஊர்ந்தது. நான்காம் தாளில் பூ இல்லை. பச்சைக் காய்கள் மூன்று இருந்தன. ஒவ்வொரு தாளிலும் நாள் குறித்திருந்தாள். முதல் தாளில் இருந்த நாள், சித்திரை 3.